அளவுக்கு ஒரு ஆள்

பிப்ரவரி 5, 2026, வியாழன்

அண்ணன் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து காலை ரயிலில் வந்து சேர்ந்தாள். கட்டடக்கலை மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பழைய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைப் படமாக வரைந்து, அதில் யார் யார் எப்போது இருந்தார்கள் என்றும் எழுதித் தர வேண்டுமாம். திருவல்லிக்கேணியில் பாட்டி வீடு இருக்க, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என்ன கவலை? ஐஸ் ஹவுஸை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

காபி குடித்துக்கொண்டே, "பாட்டி, அது வீடா, கிடங்கா?" என்றாள்.

"கிடங்காகப் பிறந்தது. அப்புறம் வீடாச்சு. உன் கொள்ளுத்தாத்தாவோட அக்கா அங்கேதான் ஒன்பது வருஷம் இருந்தாள்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு இது தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. சொல்லவேண்டியவள் நான், சொல்லாமல் இருந்துவிட்டேன். என் அத்தை போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளை நேரில் கண்டவர்களில் மிஞ்சியிருப்பது நானும் அண்ணனும்தான்.

இந்தப் பத்து நாளும் எழுதி வைக்கலாம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆறரைக்குக் கிளம்பிப் பெசன்ட் சாலை வழியாகக் கடற்கரைக்குப் போனோம். என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் ஐஸ் ஹவுஸ் ரோடுதான். 1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி அரசு அந்த வீட்டுக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தது. ஆனாலும் பேட்டைக்குப் பெயர் ஐஸ் ஹவுஸ். கண்டக்டர் கூப்பிடுவதும் அப்படியே.

எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்தோம். முன்பக்கம் வட்டமாகப் புடைத்து, அடுக்கடுக்காக ஏறி, உச்சியில் அன்னாசிப்பழம்போல ஒரு கல் முடி. நகரத்தில் இதைப்போல் இன்னொரு வீடு கிடையாது. அவள் நோட்டில் கோடு இழுக்கத் தொடங்கியதும் நான் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பாஸ்டன் நகரத்து பிரெடெரிக் டியூடர் என்பவர் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாகக் கப்பலேற்றி, வெயில் நாடுகளில் விற்ற வியாபாரி. 1833-ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது. ஏற்றியது 180 டன். நாலு மாதம் கடலில் கிடந்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, கரை சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். மதராஸில் இந்தக் கிடங்கு எழும்பியது 1842 வாக்கில். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதுபோல் கட்டியவை இடிந்து போயின. மூன்றில் நிற்பது இது ஒன்றே.

"எப்படி உருகாமல் இருந்தது?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவளே சொன்னாள். சின்னச் சின்னக் கட்டியாக வைத்தால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். இடைவெளி இல்லாமல் ஒரு மலையாக அடுக்கினால் வெளிப்புறம் மட்டும்தான் உருகும். சுற்றிலும் மரத்தூள். உருகின நீர் தேங்கினால் சூட்டை உள்ளே கடத்திவிடும் என்பதால் அது வடிந்துபோக வழி. அப்புறம் தடித்த சுவர்.

துறைமுகமும் அப்போது கிடையாது. கப்பல்கள் எட்ட நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் சரக்கெல்லாம் அலையைத் தாண்டிக் கரைக்கு வந்தது. பாஸ்டன் ஏரித் தண்ணீரை வெயிலுக்கு முன்னால் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரையின் படகோட்டிகள். ஐஸின் கதையைச் சொல்கிறவர்கள் டியூடரை விடுவதில்லை, படகோட்டிகளைச் சொல்வதில்லை.

"ஜன்னல் இருந்திருக்காதே, பாட்டி" என்றாள் திடீரென்று. "குளிரைக் காப்பாத்தக் கட்டினது. வெளிச்சமும் காத்தும் அதுக்கு எதிரி."

வீடு திரும்பிய பிறகும் அந்த வார்த்தை மனதிலேயே நின்றது.

பிப்ரவரி 7, சனி

1870-களில் நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்யும் முறை வந்தது. நாலு மாதப் பயணம் வேண்டியதில்லை. கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது, கிடங்கு காலியானது. 1880 வாக்கில் உயர்நீதிமன்ற வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். வட்டமாகத் தாழ்வாரங்கள் எடுத்து, சுவரை உடைத்து ஜன்னல் வைத்து, மனுஷர் குடியிருக்கிற இடமாக்கினார். நீதிபதி கெர்னன் அவருக்கு நண்பர். அந்தப் பெயரை வைத்து 'காஸில் கெர்னன்' என்று வீட்டை அழைத்தார்.

அவள் கேட்டாள்: "இவ்வளவு பெரிய வீட்டுல அவர் குடும்பம் மட்டுமா இருந்தது?"

ஒரு பகுதியை ஏழை மாணவர்கள் தங்கிப் படிக்க விட்டிருந்தார். அந்த வரியை அவள் தன் பட்டியலில் சின்ன எழுத்தில் எழுதினாள். பெரிய எழுத்தில் எழுது என்று சொன்னேன். இந்த வீட்டின் சரித்திரத்தில் அதற்கப்புறம் வந்த எல்லாமே அந்த வரியிலிருந்து கிளைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தலை சாய்க்க இடம் இல்லாதவனுக்கு இடம் என்ற பழக்கத்தை இந்தச் சுவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் பிலிகிரி ஐயங்கார்.

மார்ச் வருமுன்னே வெயில் ஏறிவிட்டது. முழங்கால் வலிக்கிறது. நாளைக்கு உள்ளே போகிறோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

1897 பிப்ரவரி 6-ஆம் தேதி, சனிக்கிழமை, எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினார் விவேகானந்தர். நாங்கள் நடைபாதையில் நின்றது சரியாக 129 வருஷத்துக்குப் பிறகு அதே தேதி என்பது இன்று உள்ளே போனபோதுதான் உறைத்தது. சிகாகோ போய் நாலு வருஷம் கழித்துத் திரும்புகிறார். கொழும்பு, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஊர் ஊராக வரவேற்பு. மதராஸில் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்து வந்தார்கள். காஸில் கெர்னனில் ஒன்பது நாள் தங்கினார்.

அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தவர்களில் முன்னால் நின்றவர் அளசிங்கப் பெருமாள், திருவல்லிக்கேணிக்காரர், பச்சையப்பன் பள்ளி ஆசிரியர். வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினவர். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கையேந்திச் சேர்த்த காசு சிகாகோ வரை போனது என்பதை நினைத்தால், நாற்பது வருஷம் கரும்பலகை முன் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மேலே அவர் தங்கிய அறை இப்போது தியான அறை. அரை மணி உட்கார்ந்திருந்தோம். வாசலில் கார் சத்தம், உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும். கண்ணை மூடியபோது எனக்கு சுவாமிஜியின் முகத்தோடு அத்தையின் முகமும் வந்தது. இதே தளத்தில்தான் அவளும் நடந்திருப்பாள். கல்யாணம் ஆன வருஷமே, பத்து வயதில், எல்லாம் முடிந்துபோய் இங்கே வந்து சேர்ந்தவள்.

படியிறங்கும்போது பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலுக்காக என்று நினைத்திருப்பாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

நேற்று முழுக்க அவள் வரைந்துகொண்டே இருந்தாள். நான் துணி மடித்தேன், கீரை ஆய்ந்தேன். இன்று ஏலத்தின் கதை.

மதராஸ் அன்பர்கள் நிரந்தரமாக ஒரு மடம் வேண்டும் என்று கேட்க, விவேகானந்தர் தன் சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தரை அனுப்பினார். 1897 மார்ச்சில் அவர் வந்தார். கொஞ்ச நாள் பக்கத்தில் வாடகை வீடு. பிறகு இதே காஸில் கெர்னனில் பூஜையும் வகுப்புமாகப் பத்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைய இருந்தார். தென்னிந்தியாவில் ராமகிருஷ்ண மடம் வேர் விட்டது இங்கேதான். பிலிகிரி ஐயங்கார் 1902-ல் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது.

ஏலம் நடந்துகொண்டிருக்க, ராமகிருஷ்ணானந்தர் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தாராம். பதறிய அன்பரிடம், யார் வாங்கினால் என்ன, நமக்கு வேண்டியது கொஞ்சம்தான் என்ற பொருளில் சொன்னாராம். வாங்கினவர் வேறு யாரோ. ராமகிருஷ்ணானந்தர் வளாகத்தின் வெளிக்கட்டுக்குப் போனார். 1907-ல் மயிலாப்பூரில் மடத்துக்கென்றே ஒரு கட்டடம் ஆயிற்று.

எனக்கு அந்த பெஞ்ச் கண்ணிலேயே நிற்கிறது. வீடு கை மாறுகிற நாளில் அந்த வீட்டில் இருந்தவர் முகம் எப்படி இருந்தது என்பதைப் பத்திரம் சொல்லாது. இவர் விஷயத்தில் மட்டும், அருகில் இருந்தவர்கள் பார்த்து, நினைவில் வைத்து, எழுதிவிட்டார்கள். அதனால் நமக்குத் தெரிகிறது.

அத்தையோடு இருந்தவர்களுக்கு அப்படி எழுதி வைக்க யார் இருந்தார்கள்?

பிப்ரவரி 11, புதன்

இன்று எங்கும் போகவில்லை. பரணிலிருந்து அத்தையின் தகரப் பெட்டியை இறக்கினோம். இரண்டு வெள்ளைப் புடவை, ஒரு மூக்குக்கண்ணாடி, கணக்கு நோட்டு ஒன்று. தன் கைப்பட எழுதிய ஒரு வரிகூட அந்த வீட்டைப் பற்றி இல்லை. கணக்கு நோட்டில் மாதாமாதம் ஒரு தொகைக்கு எதிரே 'தம்பி பீஸ்' என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தம்பி என் அப்பா.

பேத்தி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அத்தை சொன்னதையெல்லாம் நினைத்துக் கோத்துப் பார்த்தேன். காலையில் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியிடம் சொன்னேன்.

சகோதரி சுப்புலட்சுமி 1886-ல் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணமாகி, உடனேயே கணவரை இழந்தவர். அவர் அப்பா அவரை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார், மதராஸ் மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண். பட்டத்தை வாங்கிக்கொண்டு அவர் செய்தது, தன்னைப்போன்ற குழந்தை விதவைகளைக் கூட்டி வைத்துப் படிக்க வைப்பது. 1912-ல் சாரதா இல்லம் பிறந்தது. சித்தி வாலாம்பாள் கூடவே நின்றார். அந்த இல்லம் வளர்ந்து இடம் போதாமல் போனபோது, 1910-களின் நடுவில், இந்த வட்ட வீட்டுக்கு வந்தது.

அத்தை இங்கே வந்தது 1921-ல். அப்போது வயது பதினொன்று. தாத்தா கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாராம். பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்ற பயமாம். அதைப் பிற்பாடு தாத்தாவே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"இங்கே வராட்டா என்ன ஆயிருக்கும் பாட்டி?"

நான் சொன்னேன். தலையை மழித்து, நார்மடி கட்டி, ஒருவேளைச் சாப்பாடு, அடுக்களை இருட்டு. நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் எதிரே வரக்கூடாது. பத்து வயசுக் குழந்தைக்கு ஆயுசுக்கும் அதுதான். எங்கள் தெருவிலேயே அப்படிப்பட்ட இரண்டு பாட்டிகளைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. மொட்டைப் பாட்டி என்றே கூப்பிட்டோம். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இங்கே அத்தைக்குத் தலையில் முடி இருந்தது. கையில் சிலேட்டு இருந்தது. கூடப் படுக்கவும் சண்டை போடவும் தன் வயதுப் பெண்கள் இருந்தார்கள். காலையில் வரிசையாகப் பள்ளிக்கு நடப்பார்களாம். சகுனத்தடை என்று வழியில் முணுமுணுத்தவர்களும் உண்டு. "நாங்க நாலு பேராப் போனா பயமா இருக்கும், நாப்பது பேராப் போனா அவாதான் ஒதுங்கணும்" என்று சொல்லி அத்தை சிரிப்பாள். பல்லில்லாத அந்தச் சிரிப்பு.

பேத்தி ஒன்று கேட்டாள், கேட்கவேண்டிய கேள்வி: "பிராமணப் பெண்களுக்கு மட்டும்தானா?" இந்த விடுதி அப்படித்தான் இருந்தது. வைதீகர்களின் வீட்டுக்குள்ளிருந்து பெண்ணை வெளியே கொண்டுவர, சமையலறை ஆசாரம் வரைக்கும் அவர்கள் குறை சொல்ல இடம் வைக்காமல் நடந்தார் சகோதரி. அதே காலத்தில் குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கினார். ஒரு கதவைத் திறக்க அவர் கொடுத்த விலையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும், அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களையும் மறக்கக்கூடாது. இரண்டையும் எழுதிக்கொள் என்றேன்.

1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, சகோதரியே முதல்வர். அத்தை அதில் பயிற்சி முடித்து, 1930-ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கு டீச்சராகப் போனாள். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தாள். அவள் சம்பளத்தில் அப்பா படித்தார். அப்பா படித்ததால் நாங்கள் படித்தோம். இந்த வட்டச் சுவருக்குள் ஒரு பதினொரு வயதுப் பெண்ணை உட்கார வைத்து எழுதச் சொன்னதால்தான் இவள் இன்று கட்டடக்கலை படிக்கிறாள். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

அத்தை சொன்னவற்றில் ஒன்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொருந்தாமல் இருந்தது. ராத்திரி படுத்தால் அலைச் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும் என்பாள். இன்று அந்த வாசலில் நின்றால் பஸ் சத்தம்தான் கேட்கிறது. கடல் எங்கேயோ மணலுக்கு அப்பால் கிடக்கிறது.

பேத்தி இன்று விளக்கினாள். கரையோர நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1870-களில் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பத் தொடங்கியதும் அந்த மணல் தடைப்பட்டுத் தெற்குப் பக்கம் குவிந்தது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் கடற்கரைச் சாலைக்கு நடைபாதை போட்டு மெரினா என்று பெயரிட்டபோது கரை இவ்வளவு அகலம் இல்லை. ஐஸ் இறக்கிய காலத்தில் அலை வீட்டுக்கு இன்னும் கிட்டே. அத்தை இருந்தபோது நடுவில் எங்கேயோ.

"அப்போ உங்க அத்தை சொன்னது நிஜம்தான் பாட்டி. கார் இல்லை, பஸ் இல்லை, கடலும் கிட்ட."

இத்தனை வருஷம் அத்தை கொஞ்சம் கூட்டிச் சொன்னாள் என்றே நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மணலில் அலை வரை நடந்தோம். வழியில் சுண்டல். நான் மூன்று இடத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் வீடு சின்னதாக, உச்சி முடி மட்டும் தெரிந்தது.

பிப்ரவரி 14, சனி

நாளைக் காலை அவள் ஊருக்குப் போகிறாள். கூடத்துத் தரையில் படத்தை விரித்திருந்தாள். வீட்டை நடுவில் அறுத்துப் பார்ப்பதுபோல் ஒரு குறுக்குவெட்டுப் படம். தடித்த சுவர், தளங்கள், தாழ்வாரம், ஐயங்கார் திறந்த ஜன்னல்கள். ஓரத்தில் குடியிருந்தவர்களின் வரிசை: ஐஸ் கட்டிகள்; ஐயங்கார் குடும்பமும் ஏழை மாணவர்களும்; ஒன்பது நாள் விவேகானந்தர்; ராமகிருஷ்ணானந்தர்; 1940-களின் தொடக்கம் வரை சகோதரியின் பெண்கள்; அப்புறம் பயிற்சி ஆசிரியர்களின் விடுதி; 1997-லிருந்து மறுபடி ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பு.

அந்த வரிசையில், ஐஸுக்கு அப்புறம், இடம் தேடி வந்தவர்களே அதிகம் என்று அவளே சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஒரே ஒரு வேலை பாக்கி" என்றாள். இந்த மாதிரிப் படத்தில் ஒரு மனித உருவம் நிற்க வேண்டுமாம். கூரை எவ்வளவு உயரம், ஜன்னல் எவ்வளவு உயரம் என்பது பார்க்கிறவருக்கு அதை வைத்துத்தான் புரியும். அளவுக்கு ஒரு ஆள். வழக்கமாக ஐந்தே முக்கால் அடி, ஆறடி ஆண் ஒருவரை நிறுத்திவிடுவார்களாம்.

பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இங்கே வந்தப்போ உங்க அத்தை எவ்வளவு உயரம் இருந்திருப்பா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் கண்ட அத்தை கூன் விழுந்தவள். ஆனால் அவள் சொன்ன ஒன்று நினைவிருந்தது. வந்த புதிதில் ஜன்னலின் மேல்தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. ராத்திரி காற்றடித்தால் வேறு யாரையாவது எழுப்ப வேண்டும். மூன்றாம் வருஷம் ஒரு நாள் நுனிக்காலில் நின்று தானே எட்டிப் போட்டாளாம். அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் ரொம்ப நேரம் ஜன்னலடியிலேயே நின்றாளாம்.

கீழ்வீட்டில் ஆறாவது படிக்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் கதவோரம் நிற்க வைத்தோம். டேப் பிடித்தோம். நாலு அடி ஐந்து அங்குலம்.

பேத்தி மேல்தளத்தில், கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே அவளை வரைந்தாள். பாவாடை, பின்னல், கையில் சிலேட்டு. தாழ்ப்பாள் அவள் தலைக்கு வெகு மேலே இருந்தது.